வெந்நீர் ஊற்றின் நகரம் – பாத்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

முன்னுரை

புத்தகத்தில் படிக்கும் வரலாறு வேறு. கண்ணால் காணும் வரலாறு வேறு. உரோமப் பேரரசு பற்றி ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது ஆண்டுகளையும் மன்னர்களின் பெயர்களையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். தேர்வு முடிந்ததும் அவற்றை மறந்தும் போனேன். ஆனால் சென்ற கோடை விடுமுறையில் இங்கிலாந்து நாட்டிலுள்ள பாத் என்னும் பழம்பெரும் நகரைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே நான் கண்டவற்றுள் எதையும் இன்றுவரை மறக்கவில்லை. என் சித்தி பிரிஸ்டல் நகரில் செவிலியாகப் பணிபுரிகிறார். அவர் அழைப்பின் பேரில் சென்ற நான், ஒரு சனிக்கிழமை காலை அவருடன் பாத் நகருக்குப் புறப்பட்டேன். அந்த ஒரு நாளில் நான் கண்டதையும் கற்றதையும் என் அன்புத் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அமைவிடமும் பெயரும்

இலண்டன் மாநகருக்கு மேற்கே ஏறத்தாழ 155 கிலோ மீட்டர் தொலைவில், சாமர்செட் பகுதியில், ஏவன் ஆற்றின் கரையில் பாத் நகரம் அமைந்துள்ளது. சுற்றிலும் பசுமையான குன்றுகள். பிரிஸ்டலிலிருந்து புகைவண்டியில் சென்றால் கால் மணி நேரப் பயணம்தான். ‘பாத்’ என்றால் ஆங்கிலத்தில் குளியல் என்று பொருள். குளியலே ஒரு நகரத்திற்குப் பெயராக அமைந்தது விந்தையன்றோ! உரோமர்கள் இதனை ‘அக்வே சூலிஸ்’ என்று அழைத்தனர். ‘சூலிஸ் தேவதையின் நீர்நிலைகள்’ என்பது அதன் பொருள்.

இந்நகர் தோன்றியதைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. பிளாடுட் என்ற இளவரசன் தொழுநோய் கண்டதால் அரண்மனையை விட்டு வெளியேறிப் பன்றி மேய்ப்பவன் ஆனானாம். அவன் மேய்த்த பன்றிகள் இங்கிருந்த வெந்சேற்றில் புரண்டு நோய் நீங்கின. அதைக் கண்ட அவனும் அச்சேற்றில் இறங்கி நலம் பெற்றானாம். இது வரலாறன்று, கதையே. ஆயினும் நோயுற்றோர் இவ்வூற்றை நாடி வந்தனர் என்ற உண்மை இக்கதைக்குள் அடங்கியுள்ளது.

வெந்நீர் எங்கிருந்து வருகிறது?

எங்கள் அறிவியல் ஆசிரியை கேட்பது போல நானும் சித்தியிடம் இக்கேள்வியைத்தான் முதலில் கேட்டேன். அருகில் எரிமலை ஏதும் இல்லையே! விடை அருங்காட்சியகத்தின் விளக்கப் படத்தில் இருந்தது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மென்டிப் குன்றுகளின் மீது பெய்த மழைநீர் சுண்ணாம்புப் பாறைகளின் ஊடே கீழே இறங்குகிறது. 2,700 மீட்டர் முதல் 4,300 மீட்டர் ஆழம் வரை அது செல்கிறது. பூமியின் உள்ளே செல்லச் செல்ல வெப்பம் மிகும் என்று நாம் படித்திருக்கிறோம். அந்த ஆழத்தில் சூடேறிய நீர் அழுத்தத்தினால் பாறைப் பிளவுகளின் வழியே மேலெழுந்து வருகிறது. நிலத்தின் மேற்பரப்பை அடையும்போது அதன் வெப்பநிலை 46 டிகிரி செல்சியஸ். நாளொன்றுக்குச் சுமார் 11 இலட்சத்து 70 ஆயிரம் லிட்டர் நீர் இடைவிடாமல் பொங்கி வருகிறது. பாறைகளில் கரைந்த பல தாதுப்பொருள்களும் அதில் கலந்துள்ளன. நீர் வழியும் கற்களில் இரும்புச் சத்தினால் காவி நிறம் படிந்திருப்பதைக் கண்டோம்.

ஊற்றுக் குளத்தைச் சாளரத்தின் வழியே பார்த்தேன். நீருக்கு அடியிலிருந்து குமிழிகள் எழுந்த வண்ணம் இருந்தன. மேலே ஆவி படர்ந்திருந்தது. காரணம் அறிந்த எனக்கே அது உயிருள்ளது போலத் தோன்றிற்று. காரணம் அறியாத அக்கால மக்கள் அதைத் தெய்வம் என்று கருதியதில் வியப்பில்லை.

உரோமர் வருகை

கி.பி. 43-ஆம் ஆண்டில் உரோமப் படைகள் பிரிட்டன் மீது படையெடுத்தன. அதற்கு முன்பே இங்கு வாழ்ந்த கெல்டிய மக்கள் சூலிஸ் என்ற தேவதையை இவ்வூற்றில் வழிபட்டு வந்தனர். உரோமர்கள் அவ்வழிபாட்டை அழிக்கவில்லை. தங்கள் அறிவுத் தெய்வமான மினர்வாவுடன் அவளை இணைத்துச் ‘சூலிஸ் மினர்வா’ என்று பெயரிட்டனர். கி.பி. 60–70 ஆண்டுகளை ஒட்டிக் கோயிலும் குளியல் மண்டபங்களும் எழத் தொடங்கின.

அத்தேவதையின் வெண்கலத் தலை ஒன்று பொன் முலாம் பூசப்பெற்றுக் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டுள்ளது. 1727-ஆம் ஆண்டு சாக்கடைக் கால்வாய் தோண்டிய தொழிலாளர்களின் மண்வெட்டியில் அது தட்டுப்பட்டதாம்! கோயில் முகப்பை அலங்கரித்த, பாம்பு போன்ற தலைமுடியும் பெரிய மீசையும் கொண்ட கற்முகம் ஒன்றையும் கண்டோம். அது 1790-ஆம் ஆண்டில் கிடைத்தது.

பெருங்குளம்

படிகளில் இறங்கியதும் எதிரே தோன்றியது பெருங்குளம். என்னே அதன் அழகு! நீர் பச்சை மணி போல் ஒளிர்ந்தது. அந்நிறம் நீருக்கு இயல்பானது அன்று. வெயில் படுவதால் வளரும் பாசியால் ஏற்பட்டது. உரோமர் காலத்தில் இக்குளத்தின் மேல் வளைவான உயர்ந்த கூரை இருந்தது. ஆகவே அன்று பாசி வளரவில்லை. கூரையின் பாரத்தைக் குறைக்க உள்ளே குழிவான செங்கற்களைப் பயன்படுத்தினராம்.

குளத்தின் ஆழம் 1.6 மீட்டர். அடித்தளம் முழுவதும் 45 ஈயத் தகடுகளால் மூடப்பட்டுள்ளது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் அத்தகடுகள் இன்னும் நீரைத் தாங்குகின்றன. மிகுதியான நீர் உரோமர் கட்டிய வடிகால் வழியாகவே இன்றும் ஏவன் ஆற்றைச் சென்றடைகிறது. குளத்தைச் சுற்றி மேல்மாடத்தில் நிற்கும் சிலைகள் மட்டும் உரோமர் செய்தவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைக்கப்பட்டவை.

நான் குனிந்து நீரைத் தொடப் போனேன். “கையை எடு கண்ணு! இந்தத் தண்ணியைத் தொடக் கூடாது” என்று சித்தி தடுத்தார். அதற்குக் காரணம் உண்டு. 1978-ஆம் ஆண்டு வரை இவ்வூற்று நீரில் மக்கள் நீந்தினர். அவ்வாண்டில் நீந்திய ஒரு சிறுமி, நீரில் இருந்த அமீபா என்னும் நுண்ணுயிரி மூளையைத் தாக்கியதால் இறந்தாள். அதன் பின் குளிப்பது நிறுத்தப்பட்டது. ஆழ்துளைகள் இட்டுத் தூய நீரை எடுக்கும் முறை பின்னர் ஏற்பட்டது. 2006-ஆம் ஆண்டில் புதிய குளியல் நிலையம் ஒன்று அருகே திறக்கப்பட்டது. நோய் தீர்க்கும் என்று நம்பிய நீரே ஒரு சிறுமியின் உயிரைப் பறித்தது என்பதைக் கேட்டபோது என் மனம் கனத்தது.

குளித்த முறை

உரோமர்கள் நம்மைப் போல் கால் மணி நேரத்தில் குளித்து முடிப்பவர்கள் அல்லர். முதலில் இளஞ்சூடான அறை. பின்பு கடும் வெப்பமான அறை. இறுதியில் குளிர்ந்த நீர்த்தொட்டி என முறையாகச் செல்வர். சோப்புப் போட்டுக் குளிப்பது அவர்களின் பொதுவான வழக்கம் அன்று. உடலில் எண்ணெய் பூசி, வியர்த்த பின், வளைந்த உலோகக் கருவியால் எண்ணெயையும் அழுக்கையும் சேர்த்து வழித்தெடுப்பர். குளிக்கும் இடமே நண்பர்கள் கூடும் இடமாகவும், வணிகம் பேசும் இடமாகவும் இருந்தது.

வெப்ப அறைகளைச் சூடாக்கிய விதம் மிகவும் நுட்பமானது. செங்கற்களை அடுக்கிக் குட்டையான தூண்கள் பல எழுப்பி, அவற்றின் மேல் தரையை அமைத்தனர். வெளியே எரியும் அடுப்பின் வெப்பக் காற்று தரைக்கு அடியில் தூண்களுக்கிடையே பரவிச் சுவருக்குள்ளும் புகுந்து மேலேறும். அச்செங்கல் தூண்கள் வரிசை வரிசையாக இன்றும் நிற்கின்றன.

நான் அவற்றை வியந்து கொண்டிருந்தபோது சித்தி, “சூடா குளிச்சவங்களைப் பத்தி நிறைய எழுதி வச்சிருக்காங்க. அந்த அடுப்புக்கு விறகு போட்டவங்க பேர் எங்கேயாவது இருக்கா பாரு” என்றார். தேடிப் பார்த்தேன், இல்லை. அடுப்பெரித்தவர்கள் அடிமைகள்.

ஆனால் அடிமையாக இருந்த ஒரு பெண்ணின் பெயர் வேறோரிடத்தில் கிடைத்தது. கல்பூர்னியா டிரிபோசா என்பவள் விடுதலை பெற்று, தேவதையின் பூசாரியான ரெசெப்டஸ் என்பவருக்கு மனைவியானாள். அவர் 75 வயதில் இறந்தபோது அவள் எழுப்பிய கல்லறைக் கல் கிடைத்துள்ளது. இந்நகரில் கிடைத்த இன்னொரு கல் மிகச் சிறிய பெண் குழந்தைக்கு உரியது. அவள் வாழ்ந்தது 3 ஆண்டு, 4 மாதம், 9 நாள். பெற்றோர் நாள்களைக்கூட எண்ணி எழுதியிருக்கிறார்கள். பேரரசுகளின் ஆண்டுகளை மறந்த நான் இந்த 9 நாள்களை மறக்க மாட்டேன்.

சாபத் தகடுகள்

இனி நான் கூறப்போவது என் மனத்தை மிகவும் பாதித்த செய்தி.

புனித ஊற்றில் மக்கள் காணிக்கையாக நாணயங்களை எறிந்தனர். 12,000-க்கும் மேற்பட்ட உரோம நாணயங்கள் அங்கே கிடைத்துள்ளன. அவற்றுடன் சுமார் 130 மெல்லிய ஈயத் தகடுகளும் கிடைத்தன. பெரும்பாலானவை 1979–80 ஆண்டுகளில் நடந்த அகழ்வாய்வில் வெளிப்பட்டவை. அவற்றில் இலத்தீன் மொழியில் கூரிய கருவியால் எழுதி, மடித்துச் சுருட்டி ஊற்றுக்குள் எறிந்திருக்கிறார்கள். பொருளைத் திருடியவர்களைத் தண்டிக்குமாறு தேவதைக்கு எழுதிய விண்ணப்பங்கள் அவை! 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ‘உலக நினைவு’ ஆவணங்களின் பிரிட்டன் பட்டியலில் இவை சேர்க்கப்பட்டன.

திருட்டுப் போனவை பெரும் செல்வங்கள் அல்ல. மேலங்கி, குளியல் ஆடை, சில காசுகள் போன்றவையே. டோசிமெடிஸ் என்பவன் தன் இரு கையுறைகளை இழந்தான். அவற்றைத் திருடியவன் அறிவையும் கண்களையும் இழக்க வேண்டும் என்று அவன் வேண்டியிருக்கிறான். ஒரு சோடிக் கையுறைக்கு இரு கண்களா என்று நான் சிரித்தேன். அச்சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை.

பிரிஸ்டல் திரும்பும் வண்டியில், சித்தி வாங்கித் தந்த சிறு நூலைப் புரட்டினேன். அன்னியானஸ் என்பவனுடைய தகடு பற்றி அதில் இருந்தது. அவனுடைய பணப்பையிலிருந்து 6 வெள்ளிக் காசுகள் களவு போயின. எடுத்தவர் கிறிஸ்தவரோ அல்லாதவரோ, ஆணோ பெண்ணோ, அடிமையோ உரிமையுள்ளவரோ, யாராயினும் தேவதை அவரிடமிருந்து அவற்றை மீட்க வேண்டும் என்று அவன் கேட்கிறான். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இத்தகடு, பிரிட்டனில் கிறிஸ்தவர்கள் வாழ்ந்ததைக் காட்டும் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று. எனவே அறிஞர்கள் இதைப் போற்றுகின்றனர். ஆனால் என் கண் நின்ற இடம் வேறு. தகட்டின் மறுபக்கத்தில் அவன் 18 பெயர்களை எழுதி வைத்திருக்கிறான். அவன் சந்தேகப்பட்டவர்களின் பெயர்கள் போலும்!

தோழியரே, நானும் அப்படி ஒரு பட்டியல் எழுதியவள். ஒன்பதாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் என் மைப்பேனா காணாமற்போனது. ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்த என் தாத்தா, இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் எனக்குத் தந்த பேனா அது. அழுதுகொண்டே ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பெயர்களை எழுதினேன். முதற்பெயர் என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழியின் பெயர். அவள் ஒருமுறை அப்பேனாவை இரவல் கேட்டாள் என்பதைத் தவிர வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. “கண்ணால் காணாததைச் சொல்லாதே” என்று வகுப்புச் சிஸ்டர் எச்சரித்தும் நான் கேட்கவில்லை. அவளோடு பேசுவதை நிறுத்தினேன். இடம் மாறி அமர்ந்தேன். காரணம் என்னவென்று அவள் இருமுறை கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மற்றவர்கள் காரணத்தை ஊகித்துக்கொண்டார்கள்.

ஆறு காசுகளை எடுக்க 18 பேர் வேண்டியதில்லை. ஒருவரோ இருவரோ எடுத்திருக்கலாம். அப்பெயர்களில் ஒருவருமே எடுக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் 1,600 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பதினெட்டுப் பேரும் திருடர் பட்டியலிலேயே நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி உலகம் அறிந்த ஒரே செய்தி அதுதான். தங்களுக்காகப் பேச அவர்களால் இயலாது. இதை எண்ணியபோது, நான் எழுதிய முதற்பெயர் என் கண்முன் வந்து நின்றது. வண்டியின் சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிற்கால வரலாறு

உரோமர்கள் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனை விட்டு நீங்கினர். கவனிப்பாரின்றிக் கூரை இடிந்தது. மண்டபங்கள் சேற்றில் புதைந்தன. 7-ஆம் நூற்றாண்டில் ஆஸ்ரிக் என்ற அரசர் கன்னியர் மடம் ஒன்றை நிறுவ பெர்டா என்ற மடத்தலைவிக்கு நிலம் அளித்ததாக ஒரு சாசனம் கூறுகிறது. ஆக, இந்நகரிலும் ஒரு கான்வென்ட் இருந்தது என்று அறிந்து மகிழ்ந்தேன்! 973-ஆம் ஆண்டு எட்கர் மன்னர் இங்குள்ள ஆலயத்தில் முடிசூட்டப்பட்டார்.

இப்போதுள்ள பெரிய ஆலயத்தின் பணி 1499-ஆம் ஆண்டில் ஆயர் ஆலிவர் கிங் காலத்தில் தொடங்கியது. வானதூதர்கள் ஏணியில் ஏறி இறங்குவதாக அவர் கனவு கண்டாராம். அக்காட்சி முகப்பின் இருபுறமும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. 1539-ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி காலத்தில் துறவியர் வெளியேற்றப்பட்டனர். இன்று அது ஆங்கிலிக்கத் திருச்சபையின் ஆலயம். வடிகாலில் ஓடும் வெந்நீரின் வெப்பத்தைக் கொண்டே இப்பொழுது அவ்வாலயத்தின் தரையைச் சூடாக்குகிறார்கள். உரோமரின் அறிவு மீண்டும் பயன்பட்டதல்லவா!

18-ஆம் நூற்றாண்டில் செல்வந்தர்கள் நீராடவும், ஊற்று நீரைப் பருகவும், விருந்துகளில் மகிழவும் இங்குக் குவிந்தனர். பொன்னிறமான உள்ளூர்க் கல்லால் நகரம் புதிதாகக் கட்டப்பட்டது. பிறை வடிவில் 30 வீடுகள் ஒரே மாளிகை போல் நிற்கும் ‘ராயல் கிரசென்ட்’ 1767 முதல் 1774 வரை எழுப்பப்பட்டது. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1801 முதல் 1806 வரை இந்நகரில் வாழ்ந்தார். வில்லியம் ஹெர்ஷல் இங்குள்ள தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து 1781-இல் யுரேனஸ் கோளைக் கண்டறிந்தார். தொலைநோக்கி ஆடியை அவர் கையெடுக்காமல் தேய்த்துக்கொண்டிருந்த வேளைகளில் அவருக்கு உணவு ஊட்டியவர் தங்கை கரோலின். அத்தங்கையே பிற்காலத்தில் 8 வால்மீன்களைக் கண்டறிந்து, 1828-இல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றார். நம் போன்ற மாணவியர் அறிய வேண்டிய பெயர் இது.

1880-ஆம் ஆண்டை ஒட்டி, நீர்க்கசிவின் காரணத்தை ஆராயத் தோண்டியபோது பெருங்குளம் மீண்டும் வெளிப்பட்டது. 1987-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2021-இல் ஐரோப்பாவின் 11 ஊற்று நகரங்களுள் ஒன்றாக மீண்டும் ஒருமுறை சிறப்பித்தது.

தூய்மையாக்கிய ஊற்று நீரைச் சுவைத்துப் பார்க்கவும் வசதி உண்டு. ஒரு குவளை வாங்கிக் குடித்தேன். வெதுவெதுப்பாக, துருப்பிடித்த ஆணியை நாவில் வைத்தது போல இருந்தது! “மருந்துன்னா கசக்கத்தான் செய்யும், முழுசா குடி” என்று சித்தி சிரித்தார்.

முடிவுரை

மழைநீர் ஆழத்தில் மறைந்து, பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் மேலே வருகிறது. மனிதர் மறைத்து எறிந்தவையும் அவ்வாறே ஒருநாள் மேலே வந்துவிடுகின்றன. இதுவே பாத் நகரில் நான் கற்ற பாடம்.

பள்ளி திறந்த முதல் நாள், ரஃப் நோட்டின் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழிப்பதற்கு முன் என் தோழியிடம் காட்டினேன். காட்டாமல் கிழித்திருந்தால் அதுவும் ஒரு மறைப்பாகவே இருந்திருக்கும். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பட்டியலைப் படித்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அப்படிப் போக அவளுக்கு உரிமை உண்டு. மூன்றாம் நாள் மதிய உணவு வேளையில் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, “அந்த ஊர்ல தண்ணி நிஜமாவே சூடா இருக்குமா?” என்று கேட்டாள். நான் விடை சொல்லத் தொடங்கினேன். மணி அடிக்கும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். இக்கட்டுரையும் அவ்விடையின் தொடர்ச்சியே.

என் பேனா இன்றுவரை கிடைக்கவில்லை. அதை யார் எடுத்தார் என்று நான் இப்போது தேடுவதும் இல்லை.